வெள்ளைத் தலைக் குருவிகள்

குலசேகரத்தில் மத்தியானத்திலிருந்தே மழை. விபினுக்கு இரண்டாம் கல்யாணம் என்பதால் சர்ச்சில் சத்தமில்லாமல் முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சரான லிஜி, நனைந்த பட்டுச்சேலையோடு விபினின் வீட்டுக்குள் வந்தாள். கரண்ட் இல்லை. சுற்றிலும் ரப்பர் மரங்கள், பகலிலேயே ஹால் இருண்டு கிடந்தது.

சுவரில் அந்தச் சீனச் சுருள்படம் இன்னும் தொங்கியது. கப்பலில் வேலை பார்த்தபோது விபின் வாங்கி வந்தது. அடுக்கடுக்காய் இதழ் விரித்த பெரிய செம்பூ, பக்கத்துக் கிளையில் ஒட்டி உட்கார்ந்த இரண்டு குருவிகள். இரண்டுக்கும் தலை மட்டும் வெள்ளை.

லிஜி நிமிர்ந்து பார்க்கவில்லை.

பார்க்க அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? விபினின் இறந்துபோன முதல் மனைவி டெல்சி அவளுடைய உயிர்த்தோழி. புற்றுநோய் மருந்தில் இடுப்பு வரை கிடந்த முடியெல்லாம் கொட்டி, மொட்டைத் தலையோடு இந்தப் படத்தின் கீழேதான் படுத்திருந்தாள். ஒருநாள் லிஜியிடம் படத்துக்கு அர்த்தம் கேட்டாள்.

"சீனாக்காரங்க இந்தக் குருவிய ஜோடியா வரைஞ்சா, தலை முழுக்க நரைக்கது வரைக்கும் புருசனும் பொண்டாட்டியும் பிரியாம இருப்பாங்கன்னு அர்த்தம், மக்கா."

சொன்னது உண்மைதான். சொல்லும்போதே மனசு விபினை நினைத்ததும் உண்மைதான். டெல்சி அதை நம்பிச் சிரித்தாள். பாவி, நீ உருப்படுவியா என்று லிஜி அன்றிலிருந்து தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

விபின் தலை துவட்டத் தோர்த்து கொண்டுவந்தான்.

"டெல்சிக்கு இந்தப் படம்னா உயிரு. அர்த்தம் லிஜி சொல்லித் தந்தான்னு சிரிப்பா. என்னட்ட மட்டும் சொல்லமாட்டா. அப்பிடி என்னதான் சொன்ன?"

லிஜி தோர்த்தை வாங்கி முகத்தைத் துடைத்தாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா அழகுக்கு வரையது. ரெண்டு குருவி, ஒரு பூ."

படத்தின் அடியில் கோத்திருந்த மரக்கட்டை சுவரில் மெல்லத் தட்டியது.

ஜன்னல்கள் சாத்தித்தான் இருந்தன.

பிறகு வாடை வந்தது. செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய எண்ணெய். முடி இருந்த காலத்தில் டெல்சி தலைக்குத் தேய்ப்பது.

"உங்களுக்கு வாடை தெரியுதா?" என்று கிசுகிசுத்தாள்.

"என்ன வாடை?" விபின் திரும்பினான்.

அவன் தோளில் ஒரு முடி ஒட்டியிருந்தது.

லிஜி எடுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. அவள் முடி தோளைத் தாண்டாது. இது இடுப்பு வரை நீளும். விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது.

"உனக்கு இப்பமே நரைச்சாச்சா?" என்று விபின் சிரித்தான்.

வேர்ப்பக்கம் கொஞ்சம் வெள்ளை. மீதி நல்ல கறுப்பு.

டெல்சிக்கு முடி திரும்ப வளர்ந்திருந்தது. இப்போதுதான் நரைக்கத் தொடங்கியிருந்தது.