உன்னைக் கேட்காமல்

ஒரு ஈ குந்தோரோவின் கன்னத்தில் ஏறி, இமையோரத்தில் சற்று நின்று, பிறகு திறந்திருந்த கண்ணின் வெள்ளையிலேயே கால் வைத்தது. அவன் சிமிட்டவில்லை.

லாரஸ் சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். டிவியில் யாரோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சந்துக்குள் கடல் ஏறிக்கொண்டிருந்தது. செமாராங் நகரின் வடகரையில் அது வழக்கம்தான், மழையும் சேர்ந்துகொண்டால் கொஞ்சம் கூடுதலாக வரும். வாசற்படியை அது சளப் சளப்பென்று நக்கும் சத்தமும், சேறும் டீசலும் செத்த மீனும் கலந்த வாடையும் அறைக்குள் நிறைந்திருந்தன. பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் ஈ மெதுவாகக் கருவிழிப் பக்கம் நகர்ந்தது.

"மஸ், கண்ணுல ஈ." புருஷனை அவள் 'மஸ்' என்றுதான் கூப்பிடுவாள்.

"அட, ஆமா," என்றான் புருஷன். இமைகள் இறங்கி ஏறின. ஒரே ஒரு முறை, கடைக்காரன் ஷட்டரை இழுத்துவிட்டுத் திறப்பதுபோல. ஈ பறந்தது. அவன் மறுபடி டிவியைப் பார்க்கத் தொடங்கினான். கண்கள் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன.

அசதி என்று தனக்குள் சொல்லிக்கொண்டு லாரஸ் தட்டை வைத்தாள். ஏழு மாத வயிறு இடித்தது. உள்ளே பிள்ளை ஒரு உதை உதைத்தது. அந்த உதையைத்தான் அவள் நாளெல்லாம் காத்திருந்து வாங்கிக்கொள்வாள், ஏனென்றால் இதற்கு முன் வந்த இரண்டும் உதைக்கும் காலம் வரை தங்கவில்லை.

அந்த இரண்டுக்கும் அவள் சிகரெட்டைத்தான் குற்றம் சொன்னாள். துறைமுகச் சாலையில் பைக் பட்டறை வைத்திருந்த குந்தோரோ கிராம்புச் சிகரெட்டை ஒன்றின் நெருப்பில் இன்னொன்றாகப் பற்றவைப்பவன். தண்ணீருக்குப் பயந்து தரையை உயர்த்தி உயர்த்தி, கூரை தலையைத் தொடும் அளவுக்கு வந்துவிட்ட வீடு அது. வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். புகை போக வழியில்லாமல் கூரைக்கடியில் இனிப்பாய், கனமாய், கொசுவலை போலத் தொங்கும். இந்த முறை மருத்துவச்சி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "வீட்டுல ஒண்ணு புகை இருக்கணும், இல்ல குழந்தை இருக்கணும். ரெண்டுக்கும் எடமில்ல."

அவன் முயலாமல் இல்லை. மிட்டாய் சப்பினான், இஞ்சி மென்றான், பிள்ளைமேல் சத்தியம் செய்தான். பிறகு பட்டறைக்குப் பின்னால் நின்று பிடித்துவிட்டு, வாடை தெரியாமலிருக்கப் பெட்ரோலில் கை கழுவிக்கொண்டு வந்தான். ஒருநாள் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேவிட்டான். "நான் எடுக்கல லாரஸ். கை எடுக்குது. பாதி முடிஞ்ச அப்புறம்தான் எனக்கே தெரியுது."

அப்போதுதான் மேட்டு நகரில் பாக் விரியோ இருப்பதாக யாரோ சொன்னார்கள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், அதனால் எல்லாருக்கும் 'பாக்', ஐயா. வாசலில் 'ஹிப்னோதெரபி' என்று சின்னதாய்ப் பலகை. போகும் வழியெல்லாம் குந்தோரோ கிண்டல் செய்தான். "கோழிய தலைகீழா புடிச்சா மயங்குமே, அந்த மாதிரி என்னைப் புடிப்பாரா?"

பாக் விரியோ மெல்லிய குரலும் நகம் ஒட்டக் குறைந்த சுத்தமான விரல்களும் உள்ள மனிதர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். லாரஸ் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது.

"பாக், அப்படியே இவர் கால ஆட்டறதையும் எடுத்துடுங்க. விரல் சொடுக்கறது, குறட்டை, பல்லக் கடிக்கறது, எல்லாத்தையும். ராத்திரி பக்கத்துல படுக்க முடியல."

அவர் சிரித்தார். "ஒவ்வொண்ணா புடுங்கறதுக்கு வேரோட எடுத்துடலாம்மா. எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான். உடம்பு நம்மளக் கேக்காம செய்யுது."

திரை இழுத்த அறை. மின்விசிறி. குந்தோரோ சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தான். லாரஸ் மூலையில் பிரம்பு நாற்காலியில், வயிற்றின்மேல் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் குரல் வெந்நீர் போல முதுகில் இறங்கியது. *இனி உன்னைக் கேட்காமல் உன் உடம்பு எதையும் செய்யாது. நீ சொன்னால் செய்யும். சொல்லும்வரை சும்மா இருக்கும்.* திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். எவ்வளவு நேரம் என்று அவளுக்கு நினைவில்லை. வெளியே வந்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது.

குந்தோரோ அதன்பின் சிகரெட்டைத் தொடவில்லை. பட்டறைப் பையன்கள் முகத்தில் ஊதிப் பார்த்தார்கள், மசியவில்லை. காலாட்டல் நின்றது. குறட்டை நின்றது. லாரஸ் அந்த அமைதியில் நெடுநாளைக்குப் பிறகு ஆழ்ந்து தூங்கினாள். கொட்டாவியும் தும்மலும்கூட நின்றுபோனதை அவள் கவனிக்கவில்லை. ஸ்பானரை எடுக்கப் போன கை, யாராவது கூப்பிட்டால், போன இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. பையன்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

ஈயைப் பார்த்த அன்று சாப்பிடும்போது அவன் வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கியது.

"முழுங்குங்க, மஸ்."

முழுங்கினான். அவளைப் பார்த்தான். அப்போதுதான் அந்தக் கண்ணில் இருப்பது அசதி இல்லை, பயம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்," என்றான் மெதுவாக. "சொன்னாத்தான் நடக்குது. கண்ணக் கொட்டு, எச்சில முழுங்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டே இருக்கேன். நாள் பூரா. ஒண்ணு சொன்னா இன்னொண்ணு மறந்துபோகுது."

"தூங்கறப்போ?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

அன்றிரவு அவள் விழித்தே கிடந்தாள். தண்ணீர் படியை நக்கியது. கூரைத் தகரத்தில் மழை ஓய்ந்து, ஓய்ந்த இடத்தில் தவளைகள் தொடங்கி, அவையும் ஒவ்வொன்றாய் அடங்கி, கடைசியில் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு சத்தம் மட்டும் இல்லாமல் இருந்தது. குறட்டை இல்லை. சரி. குறட்டைக்கு அடியில் இருக்க வேண்டியதும் இல்லை.

மார்பில் கை வைத்தாள். ஏறவில்லை. காத்திருந்தாள். ஏறவில்லை.

"மஸ். மூச்சு. மூச்சு விடுங்க, மஸ்."

இழுத்தான். பொங்கி வந்த அந்தச் சத்தத்தில் அவளே பின்னால் சாய்ந்துவிட்டாள். நெடுநேரம் இருமிவிட்டு, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "கெணத்துக்குள்ள இருந்தேன். பயமே இல்ல லாரஸ், அதான் பயமா இருக்கு. சும்மா இருந்தேன். நீ சொன்னதும் கயிறு வந்து விழுந்துச்சு."

காலையில் சுகாதார நிலையத்தில் இளம் டாக்டர் நுரையீரலைக் கேட்டுவிட்டு, இவ்வளவு காலம் புகைத்தவருக்கு இது அருமையான நெஞ்சு என்றார். நரம்புத் தளர்ச்சி, குழந்தை வரப்போகிற கவலை என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் தூக்க மாத்திரையும் கொடுத்தார். "நல்லா தூங்கவிடுங்க. எழுப்பாதீங்க." வெளியே வந்ததும் லாரஸ் மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டாள்.

மேட்டு நகருக்குப் பைக்கில் போனார்கள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவன் ஓட்டினான். அவள் பின்னால் வயிறு அவன் முதுகில் அழுந்த உட்கார்ந்து காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். மூச்சு. கண்ணு. மூச்சு. பிரேக். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆள் கேட்டுவிட்டு, "புதுசா கத்துக்கறாரா?" என்று சிரித்தான்.

பாக் விரியோவின் வீட்டுப் பலகை கழற்றப்பட்டிருந்தது. கதவைத் திறந்து வந்தவள் அவருடைய அக்கா, சுமர்னி என்று பெயர். நரைத்த தலை வாரப்படவில்லை. குரல் தேய்ந்து, காற்றாக வந்தது. யார், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "வாங்க. நான் அங்க இருக்கணும்," என்று திரும்பி நடந்தாள்.

அதே அறை. அதே சாய்வு நாற்காலி. அதில் பாக் விரியோ. திறந்த கண்களில் ஈரமே இல்லை, உலர்ந்த மீனின் கண்போல் மங்கியிருந்தன. சுமர்னி பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"மூச்சு. விடு. கண்ணு. எச்சில். மூச்சு. விடு."

மார்பு ஏறியது. இறங்கியது. நின்றது.

"இவனுக்கு நகம் கடிக்கற பழக்கம்," என்றாள் இரண்டு மூச்சுக்கு நடுவில். "சின்னதுலேர்ந்து. எல்லாருக்கும் எடுத்துவிடறேன், என்னுத எடுக்க முடியலன்னு வெக்கப்படுவான். போன வாரம் தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். மூச்சு. விடு."

லாரஸ் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. "பாக், போட்ட முடிச்ச அவுத்துடுங்க. எதுவானாலும் செய்யறோம். அவர் சிகரெட் குடிக்கட்டும். குறட்டை விடட்டும். நான் கேட்டது தப்பு."

"கேட்டுப் பாத்துட்டேன்மா," என்றாள் சுமர்னி. "அவுத்துடுன்னு சொன்னா, என்ன சொல்லி அவுக்கணும்னு என்னையே கேக்கறான். தானா எதுவும் அவனுக்கு வர்றதில்ல. மூச்சு. விடு." ஒரு கணம் அவள் லாரஸின் வயிற்றைப் பார்த்தாள். "அன்னிக்கு நீயும் உள்ளதான் உக்காந்திருந்தியா?"

"ஆமா. அந்த மூலைல."

"ஓ." சுமர்னி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் வெளில கடைக்குப் போயிருந்தேன். கண்ணு. மூச்சு."

அவர்கள் கிளம்பியபோது அவள் வாசல்வரை வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று லாரஸ் சொன்னாள். மெஷின் வைப்பார்கள், மெஷினுக்குத் தூக்கம் வராது. உடுதுணியும் அடையாளக் காகிதங்களும் எடுத்துக்கொள்ள வீட்டுக்கு வந்தார்கள். அதுதான் தவறு. அவர்கள் உள்ளே இருக்கையில் தடுப்புக் கரையை எங்கோ உடைத்துக்கொண்டு தண்ணீர் வந்தது. சந்து இடுப்பளவு ஆனது. பைக் சாய்ந்து முழுகியது. கரண்ட் போனது, போனும் உயிரை விட்டது. அக்கம்பக்கத்தார் மசூதி மாடிக்குப் போய்விட்டிருந்தார்கள். லாரஸ் ஜன்னலில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். சாம்பல் நிறத் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் மிதந்து போனது.

கண் எரிந்தது. உப்புக் காற்று என்று நினைத்தாள்.

இன்னும் எரிந்தது. மணல் கொட்டியதுபோல.

அவள் கண்ணைத் தேய்க்கக் கையை உயர்த்தி, நிறுத்தி, கடைசியாக எப்போது சிமிட்டினோம் என்று யோசித்தாள். ஜன்னலில் இல்லை. பைக்கில் இல்லை. அந்த அறையில்?

*சிமிட்டு.*

இமை இறங்கியது. ஏறியது. ஒரே ஒரு முறை.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். தன் நெஞ்சைக் கவனித்தாள். கவனித்தவுடன் அது நின்றது. கிணற்றுக்குள் இருப்பதுபோல இருந்தது. அமைதி. பயமே இல்லை. பின்னாலிருந்து, தூரத்திலிருந்து, குந்தோரோவின் குரல் வந்தது.

"லாரஸ். மூச்சு விடு. லாரஸ்."

இழுத்தாள்.

கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முழங்காலும் முழங்காலும் முட்ட. அவன் அவள் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டான். அவள் அவன் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டாள். தனக்குத் தானே சொல்லிக்கொள்வதைவிட இது சுலபமாக இருந்தது. தண்ணீர் வடியும்வரை, யாராவது படகில் வரும்வரை என்று பேசிக்கொண்டார்கள்.

"மஸ், மூச்சு."

"லாரஸ், மூச்சு."

"உங்களால முடியாதுன்னு தோணினா முன்னாடியே சொல்லிடுங்க."

"சொல்றேன். கண்ணக் கொட்டு."

"நீங்களும்."

இரவு அப்படித்தான் போனது. ஒருமுறை அவன் தலை சாய்ந்தது, அவள் அறைந்தாள். ஒருமுறை அவள் சாய்ந்தாள், அவன் அறைந்தான். அறைந்த கை கன்னத்திலேயே நின்றது. எடுக்க வேண்டும் என்று இருவருக்கும் உடனே தோன்றவில்லை.

விடிந்தது. மசூதி ஒலிபெருக்கி இல்லாத விடியல். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கூரையில் நெளிந்தது. குந்தோரோவின் உதடு வெடித்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் முந்தையதைவிடக் கொஞ்சம் தள்ளி வந்தது.

"லாரஸ்... மூச்சு."

"மஸ், மூச்சு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்று மாலையிலிருந்து ஒரு உதைகூட இல்லை.

கையை அவன் மார்பிலிருந்து எடுத்து வயிற்றில் வைத்தாள். கல் போல இருந்தது. தட்டினாள். பக்கம் மாற்றித் தட்டினாள். அந்த அறை நினைவுக்கு வந்தது. பிரம்பு நாற்காலி. வயிற்றின்மேல் கோத்த கை. வெந்நீர் போல உள்ளே இறங்கிய குரல். எவ்வளவு உள்ளே?

அதற்கு மொழி தெரியாது என்று நினைத்தாள். ஏழு மாதம்தானே. அதற்கு என்ன தெரியும்.

"மூச்சு," என்றான் குந்தோரோ. இழுத்தாள்.

முடிந்தவரை குனிந்து, வாயை வயிற்றருகே கொண்டுபோய், சொல்லக் கூடாது சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னாள்.

"உதை."

உள்ளே பிள்ளை உதைத்தது. ஒரே ஒரு முறை.

பிறகு, அடுத்த சொல் வரட்டும் என்று அசையாமல் இருந்தது.