வெள்ளைக்கு அடியில்

கரிக்கூடையோடு யோரிஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் மனைவி யுடித் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அவள் பாடியதே இல்லை.

ஹார்லெம் நகரில் அந்த வருடம் பனிக்கால ஓவியங்களுக்கு நல்ல கிராக்கி. மரப்பலகையில் வானத்தையும் உறைந்த கால்வாயையும் யோரிஸ் வரைவான். பனியில் சறுக்கி விளையாடும் ஆட்களை யுடித் வரைவாள்.

"நீங்க மனுஷன வரைஞ்சா முள்ளங்கிக்குத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும்," என்று அவள் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே பலகையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். கரையோரத்தில், சிவப்புப் பாவாடை கட்டி, விரல்நகம் அளவுக்கு ஒரு சிறுமி.

லைஸ்பெத். அவர்களுடைய ஒரே மகள். போன குளிர்காலத்தில், தண்ணீர் எடுக்கப் பனிக்கட்டியை வெட்டி வைத்திருந்த துளைக்குள் விழுந்தவள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"இங்கயாவது அவ விளையாடட்டுங்க," என்றாள் யுடித்.

பலகையிலும் ஒரு துளை இருந்தது. எந்தக் கால்வாயிலும் இருப்பதுதானே என்று யோரிஸ் பழக்கதோஷத்தில் வரைந்து தொலைத்திருந்தான்.

மறுநாள் காலை, சிறுமி துளைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீயா மாத்தி வரைஞ்ச?"

"நான் தூரிகையையே தொடலைங்க."

இன்னொரு முறை அவளைப் பறிகொடுக்க அவனால் முடியாது. யுடித் ரொட்டி வாங்கப் போன நேரத்தில், பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவசர அவசரமாக வெள்ளைச் சாயத்தைக் குழைத்தான். துளையின் மேல் கெட்டியாக அப்பி மூடினான். அப்பாடா என்று மூச்சு விட்டான்.

பிறகுதான் கவனித்தான். பனியின் மேல் சிவப்புப் பாவாடை இல்லை.

டொக்.

பலகைக்குள்ளிருந்து.

டொக். டொக்.

வாசலில் நின்ற யுடித்தின் கையிலிருந்து ரொட்டி விழுந்தது. ஓடிவந்து பலகையில் காதை வைத்தாள்.

"அவ உள்ள விழுந்துட்டாங்க. நீங்க மேல மூடிட்டீங்க."

"விழுந்துடக் கூடாதுன்னுதான் மூடினேன்..."

"தொறங்க! கண்ணு, அம்மா இருக்கேன்டி!"

கத்தியால் சுரண்டினான். வெள்ளைக்கு அடியில் வெறும் மரம்தான் இருந்தது. கத்திமுனை உடைந்தது. தட்டும் சத்தம் மெலிந்துகொண்டே போனது. பக்கத்து வீட்டுத் தச்சனிடம் உளி வாங்க ஓடினான்.

திரும்பி வந்தபோது தரையெல்லாம் ஈரம். அறை முழுக்கக் கால்வாய்ச் சேற்றின் வாடை. யுடித் இல்லை.

சுரண்டிய இடம் மறுபடியும் வழவழவென்று வெள்ளையாக இருந்தது.

அதன் ஓரத்தில், எறும்பளவில், ஒரு ஜோடி மரச்செருப்பு.

யுடித்தின் செருப்பு.

உளியால் செதுக்கினான். செதுக்கச் செதுக்க வெள்ளை ஊறி வந்தது. வசந்தம் வந்து ஊர்க் கால்வாய்கள் எல்லாம் உருகின. அந்தப் பலகையில் மட்டும் பனி உருகவில்லை.

இப்போது உள்ளேயிருந்து தட்டுவது இரண்டு பேர். சின்னக் கை எப்போதாவதுதான் தட்டுகிறது. பெரிய கை நிறுத்துவதே இல்லை.