மாவாகிப்போன விதைச்சோளம்

அன்று காலை பரஸ்கிவா போட்ட சத்தத்தில், அந்த ருமேனியக் கிராமத்துக் கூரைகளில் இருந்த நாரைகள் எல்லாம் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போயிருக்கும். உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்ட விதைச்சோளக் கதிர் ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் மற்றவர்கள் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தம்பி மனைவி வசிலிக்கா அத்தனையையும் திரிகையில் போட்டு மாவாக்கிவிட்டிருந்தாள்.

"வெதையக்கூடவா அரைப்ப... மண்ணு சூடேறினதும் நெலத்துல எதைத் தூவுறது, உன் தலைமயிரையா?"

வசிலிக்கா மாவுப் பானையை மூடி வைத்தாள். தாயில்லாத தம்பிகள் இருவரையும் வளர்ப்பதற்காகக் கல்யாணமே வேண்டாமென்றவள் பரஸ்கிவா. அவள் சம்மதமின்றி அந்த வீட்டில் அடுப்புகூடப் புகையாது. வசிலிக்காவின் கணவன் தோதேர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பன் வீட்டுக்குப் போய்விடு என்று பரஸ்கிவா சொல்லியும்விட்டாள். வசிலிக்கா, மகள் இலிங்காவின் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

அப்போதுதான் பள்ளிக்கூட வாத்தியாரான இளைய தம்பி கிரிகோரே வந்து உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணி, வகுப்புக்கு ஒரு பிடி சோளம் எடுத்துட்டுப் போவேனே... எங்க?"

"மாவாயிடுச்சு தம்பி. இனிமே மாவு மேல முட்டி போடச் சொல்லுங்க. புள்ளைங்க தாங்கும்."

களி கிண்டும் சோளம் நசுங்கிவிடும் என்று, கல்லாகக் காய்ந்த விதைச்சோளத்தைத்தான் அவன் வகுப்பு மூலையில் பரப்பி, தப்பு செய்த பிள்ளைகளை அதன்மேல் முட்டி போட வைப்பான். சொந்தத்துக்குச் சலுகை என்று ஊர் பேசிவிடக் கூடாதே என்று, அண்ணன் மகளுக்கு மட்டும் இரட்டிப்பு நேரம்.

பரஸ்கிவா சிறுமியின் பாவாடையை விலக்கினாள். முட்டி நிறையக் குழிகள். ஒன்றில் சோளத்தோல் இன்னும் ஒட்டியிருந்தது.

"யாருடா உனக்கு இதைக் கத்துக்குடுத்தது?"

"நீதான்க்கா. இதே வீட்டு மூலையில." குற்றமாகச் சொல்லவில்லை, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னான். "அதனாலதான நான் மனுசனானேன்."

நாரைகளை விரட்டிய குரல் எங்கோ போய்விட்டது.

"அழுதியாடா, அப்ப?"

"அழுதா இன்னொரு பிடி போடுவியேக்கா..."

பரஸ்கிவா மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வசிலிக்காவை அண்ணாந்து பார்த்து, "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.

"நீங்க வளத்த புள்ளையப் பத்தி ஒங்ககிட்டயே எப்படிக்கா சொல்றது..."

பரஸ்கிவா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேர் அழுத கண்ணீரில் அந்த மாவை முழுக்கப் பிசைந்துவிடலாம். கிரிகோரே வெறுங்கையோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தான்.

விதை கேட்டு வர தோதேர் தொப்பியை எடுத்தபோது, பரஸ்கிவா எழுந்து தலைத்துணியை இறுகக் கட்டினாள்.

"நீ இருடா. வீடுவீடா நானே போய்க் கேக்கறேன். வெதைய யாரு அரைச்சதுன்னு கேட்டா, நான்தான்னு சொல்லிக்கறேன்."