ஒன்பது இமை

பலகை எழுத்தின் நிறத்தை மூன்றாவது முறையாக மங்கலாக்கிய பிறகும் விளக்குக் கம்பத்தில் எண் ஏறிக்கொண்டேதான் இருந்தது. நூற்று முப்பத்தெட்டு. செங்கோடன் ஏணியிலிருந்து குதித்து, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று பலகையைப் பார்த்தான். மறுபடி ஓடிவந்து ஏணியில் ஏறினான்.

"ஏனுங்க மாமா, சித்த கீழ எறங்குங்களேன். பாக்கறப்பவே எனக்குத் தலை சுத்துது" என்றாள் பூங்கோதை, பாய்லருக்குப் பின்னாலிருந்து.

"சாம்பல் கலரே கண்ணுல அடிக்குது புள்ள. இன்னும் கொஞ்சம் அழுக்காக்கிட்டா..."

"பொண்டாட்டி பேரை எந்தப் புருசனாவது அழுக்காக்குவானா?"

"நாளைக்கு மூணாவது நோட்டீஸ் வந்தா பேரே இருக்காது."

அது உண்மைதான். புதுச்செட்டிபாளையம் கடைத்தெருவில் கம்பத்துக்குக் கம்பம் அவரைக்காய் அளவில் ஒரு பார்வைமானி இருந்தது. போகிற வருகிறவர்களின் கண்கள் எங்கே திரும்புகின்றன என்பதை அது அளக்கும். ஒருவர் ஒருமுறை இமைத்து மறுமுறை இமைக்கும்வரை ஒன்றைப் பார்த்தால் அது ஓர் இமை. ஒரு கடைமுகப்புக்கு மணிக்கு நூறு இமைதான் அனுமதி. மின்னும் திரைகளைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டி ஆட்கள் விழுந்து சாகத் தொடங்கிய பிறகு, மக்களே கேட்டு வாங்கிய விதி அது. மூன்று முறை மீறினால் கடைக்குத் தொண்ணூறு நாள் சீல்.

பதினெட்டு வருடம் அடுத்தவர் அடுப்பில் பன் சுட்டவள் பூங்கோதை. தன் பெயரில் கடை திறந்து பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு நோட்டீஸ்.

மறுநாள் காலை பலகை ஆய்வாளர் ஜெசிந்தா வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். கையிலிருந்த திரையை விரித்துக் காட்டினாள். கடைமுகப்பின் படம், பார்வை விழுந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளிகள்.

"பலகை மேல பதினொரு இமைதானுங்ணா விழுந்திருக்கு."

"அப்ப மீதி?"

ஜெசிந்தா தயங்கிவிட்டு அவனையே கைகாட்டினாள். படத்தில் சிவப்புப் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து ஓர் ஆளாக நின்றன. அந்த ஆள் ஏணி ஏறினான், சாலையைத் தாண்டினான், இடுப்பில் கைவைத்து அண்ணாந்தான், மறுபடி ஓடினான்.

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. "இருவத்திரண்டு வருசம் தறி மேஸ்திரி கண்ணு இவரு. அறுவது தறிக்கும் நடந்துக்கிட்டே இருந்தவரு. உக்காந்து பழக்கமில்ல."

"பார்வையை இழுக்கறது எதுவானாலும் பலகைதாங்க்கா. மரமா, தகரமான்னு விதியில போடல."

"அப்ப எங்க வீட்டுக்காரர் பலகையா?"

"அனுமதி வாங்காத பலகை. அதுலயும் அசையற பலகை. அதுக்கு அனுமதியே கெடையாது. கடை நேரத்துல அண்ணன் இந்தத் தெருப்பக்கம் வரக்கூடாதுங்க்கா. உங்களுக்காக மூணாவது நோட்டீஸை ரெண்டு நாள் தள்ளி வைக்கறேன்."

அடுத்த நாள் செங்கோடன் வீட்டிலேயே இருந்தான். வீட்டிலிருந்து பதினாலு முறை போன் செய்தான். பால் காய்ந்ததா, ஆள் வருகிறதா, பன் எத்தனை தட்டு போயிற்று. கம்பத்தில் எண் பதினொன்றைத் தாண்டவில்லை. இரண்டு சாம்பல் பலகைகளுக்கு நடுவில் மூன்றாவது சாம்பல் பலகை, ஒருவரும் திரும்பவில்லை. தேங்காய் பன் தட்டிலேயே காய்ந்தது. தினமும் டீ குடிக்க வருகிற லாரி புக்கிங் ஆபீஸ்காரர் சாயங்காலம்தான் எட்டிப் பார்த்தார். "மேஸ்திரியக் காணோம், கடை லீவுன்னு நெனச்சு நேராப் போயிட்டனுங்க" என்றார்.

பூங்கோதை அன்றே விண்ணப்பம் போட்டாள். பலகை வகை: அசையாதது. உயரம்: ஐந்தடி ஏழு அங்குலம். நிறம்: மாநிறம். எழுத்து: இல்லை. ஒளிருமா என்ற இடத்தில் 'சிரித்தால் மட்டும்' என்று எழுதி, பிறகு அழித்து, 'இல்லை' என்று எழுதினாள்.

சோதனை மறுநாள் நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை. ஒரு மணி நேரம் அவன் அசையாமல் உட்கார வேண்டும். எண் நூறைத் தாண்டாவிட்டால் தள்ளிவைத்த நோட்டீஸ் ரத்து; தாண்டினால் அதுவே மூன்றாவது மீறல்.

"உங்க பார்வையும் சேரும்க்கா" என்று ஜெசிந்தா எச்சரித்தாள். "மானிக்குச் சொந்தக்காரங்க, வேத்து ஆளுன்னு கெடையாது."

பூங்கோதை அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். செங்கோடன் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

முதல் கால் மணியிலேயே நாற்பது ஆகிவிட்டது. ஓடிக்கொண்டே இருந்த மனிதன் உட்கார்ந்திருப்பதைத் தெரு வினோதமாகப் பார்த்தது. "என்ன மேஸ்திரி, போட்டோ புடிக்கறாங்களா?" என்று ஒருவர் வண்டியை நிறுத்திக் கேட்டார். செங்கோடன் வாய் திறக்கவில்லை. கேட்டவருக்கு அலுத்துவிட்டது. மற்றவர்களுக்கும் மெல்ல அலுத்தது. எழுபது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றாறில் எண் நின்றது.

"ரெண்டே நிமிசம்க்கா" என்றாள் ஜெசிந்தா.

பூங்கோதைக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் எங்கே இருக்கிறான் என்று அவள் பார்த்ததே இல்லை. செருப்புச் சத்தம் சொல்லிவிடும். இப்போது சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை. வெயிலில் மயங்கிச் சாய்ந்திருந்தால்? அவள் விரல்கள் மேடையில் தாளம் போட்டன. காய்ந்த பாலை மறுபடி கிண்டின. திரும்பிவிட்டாள்.

அவன் முழங்கால்களில் கைகளை ஊன்றி, பரீட்சை எழுத வந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் ஒரு எறும்பு ஊர்ந்தது, தட்டிவிடவில்லை. காதோரம் இவ்வளவு நரைத்தது எப்போது? வலது தோள் இறங்கிப்போனது எப்போது? நின்று காட்டினால்தானே பார்ப்பதற்கு!

"அக்கா! திரும்புங்க!"

நூற்றைந்து.

கம்பத்து மானி சின்னதாக ஒரு மணி அடித்தது. ஜெசிந்தாவின் திரையில் நோட்டீஸ் வந்து விழுந்தது. அவள் அதை மெதுவாகப் படித்தாள். "மூன்றாவது மீறல். மிகுதி, ஐந்து இமை. அதிக நேரம் பார்த்தவர், கடை உரிமையாளர். ஒன்பது இமை."

செங்கோடன் உதடு அசையாமல் கேட்டான். "எந்திரிக்கலாமுங்களா?"

"எந்திரிங்ணா. முடிஞ்சு போச்சு."

அவன் எழுந்து எறும்பைத் தட்டினான். நோட்டீஸை வாங்கி இரண்டு தடவை படித்தான். மனைவியைப் பார்த்தான். "ஒம்பதா?"

"எண்ணிட்டா பாத்தேன்?" என்றாள் பூங்கோதை.

ஜெசிந்தா ஷட்டரை இறக்கி அரக்கு வைத்தாள். மூடிய கடைக்குக் கணக்கு இல்லை. மானியின் எண் அணைந்தது. சீல் வைக்குமுன் பாலையும் கிளாஸ்களையும் இன்னொரு ஸ்டூலையும் பூங்கோதை வெளியே எடுத்து வைத்திருந்தாள். ஸ்டூலை அவன் ஸ்டூலுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். காய்ச்சிய பாலை இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை அவனிடம் நீட்டினாள்.

"மறுபடி உக்காருங்க மாமா. சித்த நேரம் ஆடாம."

அவன் உட்கார்ந்தான். பூட்டிய கடை முன்னால் ஒரு பெண் புருசனையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பதைக் கண்டு ஒரு வண்டி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. எதிர்க்கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். சிறிது நேரத்தில் தெருவே நின்று பார்த்தது. விற்கத்தான் அவளிடம் ஒன்றும் இல்லை.