ஏங்க என்று ஓர் அறிவிப்பு

குளியலறையில் தண்ணீர் ஓடுகிறது என்று போன் சொன்னது. அவர் எழுந்துபோய்ப் பார்த்தார். ஓடவில்லை.

குழாய் இறுக மூடியிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. வாளி கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தார். குழாய்க்குள் தண்ணீர் போனால் சுவர் லேசாக அதிரும் என்பது அவருக்குத் தெரியும்; காது போனவனுக்கு உள்ளங்கைதான் காது. சுவர் சும்மா இருந்தது. மறு கையில் இருந்த போன் இன்னொரு முறை உதறிக்கொண்டு அதையே சொன்னது: ‘தண்ணீர் ஓடும் சத்தம். மதியம் 3.10.’

“புதுசு, இன்னும் பழகல” என்று போனுக்கு அவரே வக்காலத்து வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்குத் திரும்பினார்.

அவர் முப்பத்திரண்டு வருடம் செய்தித்தாள் அச்சடிக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். அங்கே எல்லோருக்கும் அவர் மிஷின்மேன். அந்த ராட்சத மிஷின் பேப்பரைத் துப்பிய வேகத்தில் அவருடைய காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஓய்வுபெற்றதும் மகள் இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கிக் கொடுத்தாள். “மிஷினால கெட்ட காதுக்கு மிஷினே வைத்தியம்” என்று மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த மனைவி போய் ஐந்து மாதம் ஆகிறது. அந்தக் குளியலறையில்தான் போனாள். அன்றிலிருந்து அவர் காது மிஷினை மாட்டுவதில்லை. மகளிடம் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருந்தார்.

முந்தின நாள்தான் மகள் வீடியோவில் வந்து, அவள் பேசப் பேச எழுத்தாக ஓடுவதை அவர் படிக்க, பாடம் நடத்தினாள்.

“அப்பா, போன்ல புது அப்டேட் வந்திருக்கு. காது கேக்காதவங்களுக்குன்னே நெறைய குடுத்திருக்காங்க. காலிங் பெல் அடிச்சா சொல்லும், குக்கர் விசிலடிச்சா சொல்லும். யாராவது உங்களக் கூப்பிட்டாக்கூட சொல்லும்.”

“விசிலடிக்க இங்க குக்கர் வெக்கிறது யாரு?”

“அப்பா…”

திரையில் அவள் முகம் பக்கவாட்டில் போய்விட்டது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று நொந்துகொண்டு, அதற்குப் பிறகு அவள் அழுத்தச் சொன்னதையெல்லாம் மறுபேச்சில்லாமல் அழுத்தினார். கடைசியில் ஒரு கட்டம் வந்தது. ‘உங்களை எப்படி அழைப்பார்கள்? அந்தச் சொல்லை எழுதுங்கள்.’

பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பிரஸ்ஸில் மிஷின்மேன். வீட்டிலோ நாற்பது வருடமாக ஒரே ஒரு சொல்தான். சமையலறையிலிருந்து ஒரு விதமாக, மொட்டைமாடியிலிருந்து ஒரு விதமாக, கோபத்தில் ஒரு விதமாக. விரல் தானாக அதை அடித்துவிட்டது. ஏங்க.

அடித்த பிறகுதான் பார்த்தார். அழிக்கப் போனார். மனசு வரவில்லை.

“போட்டுட்டீங்களா?” என்றாள் மகள்.

“போட்டாச்சு, போட்டாச்சு. பேரத்தான் போட்டிருக்கேன்.”

மூன்று முறை சொல்லிக் காட்டுங்கள், பழகிக்கொள்கிறேன் என்று போன் கேட்டது. மகள் வீடியோவை மூடிய பிறகு, காலியான ஹாலில் நின்றுகொண்டு தன்னைத்தானே மூன்று முறை ஏங்க என்று கூப்பிட்டுக்கொண்டார். அவருக்கே கேட்காத குரல். போன் பச்சையாக ஒரு டிக் போட்டு, நன்றி சொன்னது.

தண்ணீர் ஓடுவதாகச் சொன்ன மறுநாள், அதே மூன்று பத்துக்கு அதே தண்ணீர். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்று பதினாறுக்குப் போன் தொடையில் அதிர்ந்தது. ‘கனமான ஏதோ விழும் சத்தம்.’

பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்துப் பார்த்தார். எதுவுமில்லை. குளியலறைக் கதவு அங்கேயே இருந்தது. பச்சை பெயிண்ட், அடியில் இரண்டு விரற்கடை சந்து. மதிய வெயில் ஜன்னல் கம்பிகளோடு தரையில் விழுந்திருந்தது. காற்றில் மெல்லிய ஒரு வாசம், ஈரத்தில் ஊறிய சோப்பு வாசம். அவர் வேறு சோப்புக்கு மாறி மூன்று மாதமாகிறது.

ஒரு நொடி என்று சொன்னார் டாக்டர். “இதயம். ஒரு நொடிதான் சார். கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது. கஷ்டப்படாமப் போயிட்டாங்க.” அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இந்த ஐந்து மாதமும் சாப்பிட்டார், தூங்கினார், மகள் முகத்தைப் பார்த்தார். மகளிடம் அவர் சொல்லாத ஒன்று இருந்தது.

அன்றைக்கு மதியம் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி ஆரம்பித்தாள். பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்று நான்கு நாளாகச் சொல்கிறேன் என்றாள். “காதக் குடையாத” என்றவர், அவள் பார்க்கப் பார்க்க, இரண்டு மிஷினையும் கழற்றிப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். சண்டை வந்தால் அவர் செய்வது அதுதான். அவளும் பழகியவள்தான். உதட்டைப் பிதுக்கிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். அவர் பேப்பரை வரி விடாமல் படித்தார். மை எங்கே திட்டாக விழுந்திருக்கிறது, எந்தப் படத்தில் வண்ணம் விலகியிருக்கிறது என்று பார்த்தார். நாலு மணிக்குத்தான் எழுந்துபோய்க் கதவைத் தள்ளினார். தாழ்ப்பாள்கூடப் போட்டிருக்கவில்லை. இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் எதற்குத் தாழ்ப்பாள் என்பாள். தூங்கிக்கொண்டிருந்தேன் என்று மகளிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் மூன்று பதினேழுக்குப் போன் வேறு விதமாக அதிர்ந்தது. இரண்டு குட்டி அதிர்வு, ஒரு நீளம்.

‘உங்களை யாரோ அழைக்கிறார்கள்: ஏங்க.’

அவர் போனைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி அதிர்ந்தது. ஏங்க. நெஞ்சு அடித்துக்கொண்டதில் முதலில் ஒன்றுமே புரியவில்லை; பிறகு சிரிப்பு வந்தது. ஏங்க என்று பெயர் வைத்துக்கொண்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கத்தான் செய்யும். மாடி வீட்டுப் பெண்ணாக இருக்கும். புதிதாகக் கல்யாணமானவர்கள். புருஷனைக் கூப்பிட்டிருப்பாள். இந்தப் போன் அதைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறது. அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு மாடியேறிப் பெல்லை அழுத்தினார்.

“ஏம்மா, இப்ப உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டியா? ஏங்கன்னு?”

அந்தப் பெண் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தாள். போனை அவள் பக்கம் நீட்டினார். எழுத்து ஓடியது. “ஏங்கவா? ஐயோ அங்கிள், நாங்க ரெண்டு பேரும் வாடா போடிதான். அதோட அவன் ஆபீஸ்ல இருக்கான். நான் மட்டும்தான் இருக்கேன்.” அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. “தண்ணி குடிக்கிறீங்களா அங்கிள்? வேர்த்திருக்கு.”

வேண்டாம் என்று கையசைத்துவிட்டு இறங்கினார். படிக்கட்டில் போன் அமைதியாக இருந்தது. வாசல்படியில் கால் வைத்ததும் அதிர்ந்தது.

அன்று அது நிற்கவில்லை. மூன்று இருபத்துநாலு. மூன்று இருபத்தாறு. மூன்று இருபத்தாறிலேயே இன்னொன்று. அறிவிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போயின. ஒவ்வொன்றாக எண்ணினார். இருபத்து மூன்று முறை. கடைசி அழைப்பு மூன்று ஐம்பத்திரண்டு.

ஒரு நொடி இல்லை. முப்பத்தைந்து நிமிடம்.

அவர் அழுதார். வாய்விட்டு, வெட்கமில்லாமல், தனக்குக் கேட்காத அழுகையை அழுதார். பிறகு மகளுக்கு போன் செய்ய எடுத்தார். என்னவென்று சொல்வது? உன் அம்மா கூப்பிட்டாள் என்றா? கூப்பிட்டபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றா? போனை மூடினார். நாளைக்கு அவள் கூப்பிடும்போது நான் அவளிடம் போய்விடுவேன் என்று நினைத்தார். நாளைக்கு மூன்று பத்துக்கு நான் கதவருகே இருப்பேன். அந்த நினைப்பு வந்ததும் பயம் கொஞ்சம் விலகி, அதன் இடத்தில் ஆசை வந்து உட்கார்ந்தது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

நான்காம் நாள் காலையிலேயே கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிவந்தார். மூன்று மணிக்குக் குளியலறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, ஐந்து மாதத்துக்குப் பிறகு இரண்டு மிஷினையும் காதில் செருகினார். வீடு சடாரென்று உள்ளே வந்தது. மின்விசிறியின் கரகரப்பு, தெருவில் ஏதோ வண்டி, அவருடைய சொந்த மூச்சு. பேச்சை எழுத்தாகக் காட்டும் வசதியைப் போட்டுவிட்டுப் போனை மடியில் வைத்தார்.

மூன்று பத்து. தண்ணீர் ஓடும் சத்தம் என்றது போன். அவர் காதில் தண்ணீர் இல்லை.

மூன்று பதினாறு. விழும் சத்தம். காதில் மின்விசிறி மட்டும்.

எழுத்து வர ஆரம்பித்தது.

‘பேசுபவர் 2: ஏங்க.’

‘பேசுபவர் 2: ஏங்க, வழுக்கிடுச்சு.’

“இங்கதான் இருக்கேன். வந்துட்டேன்!” என்று கத்திக் கதவைத் தள்ளினார். காய்ந்த தரை. கவிழ்த்த வாளி. யாருமில்லை. போனில் எழுத்து நின்றது. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஒன்றும் வரவில்லை. கதவு தானாகச் சாய்ந்து மூடிக்கொண்டது. போன் அதிர்ந்தது.

‘பேசுபவர் 2: நெஞ்சு அடைக்குதுங்க.’

‘பேசுபவர் 2: ஏங்க. மிஷின மாட்டுங்க.’

“மாட்டியிருக்கேன். மாட்டியிருக்கேன் பாரு!”

‘பேசுபவர் 1: மாட்டியிருக்கேன். மாட்டியிருக்கேன் பாரு.’

‘பேசுபவர் 2: கோவமா?’

அவர் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டார். கோபமில்லை என்றார். கோபமே இல்லை, எழுந்து வா என்றார். தன் பேச்சு ஒன்றாம் எண்ணாகவும், அவள் பேச்சு இரண்டாம் எண்ணாகவும் ஓடுவதைப் பார்த்தார். அவர் கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அவள் கேட்பதற்குத்தான் அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், ஐந்து மாதம் தாமதமாக.

‘பேசுபவர் 2: இனிமே குழாயப் பத்திப் பேச மாட்டேங்க.’

‘பேசுபவர் 2: ஏங்க.’

‘பேசுபவர் 2: உங்க காலு தெரியுதுங்க.’

கால்.

அவர் தன் காலைப் பார்த்தார். மண்டியிட்டிருந்தார். கால் பின்னால் மடங்கியிருந்தது. கதவுக்கு உள்ளேயிருந்து பார்த்தால் முழங்கால்தான் தெரியும்.

சோப்பு வாசம் இப்போது கனமாக, மூக்கை அடைக்கும்படி வந்தது. மெதுவாகக் கீழே சாய்ந்தார். தோள். காது. கன்னம். சில்லென்ற தரையில் கன்னத்தை வைத்துச் சந்து வழியாகப் பார்த்தார்.

உள்ளே தரை ஈரமாக இருந்தது.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல். ஒரு கை. வளையல். நனைந்த முடி ஒட்டிய கன்னம், அவர் கன்னத்துக்கு நேர் எதிரே, ஒரு முழம் தள்ளி. அவள் உதடு நீலமாகியிருந்தது. கண் திறந்திருந்தது. உயிரோடு இருந்தது.

“இதோ பாரு. என்னப் பாரு.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. அந்தக் கண் அவர் முகத்தைத் தாண்டி, அவர் தோளைத் தாண்டி, பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. கெஞ்சிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. மார்புக்கு அடியில் போன் அதிர்ந்தது. இரண்டு குட்டி, ஒரு நீளம்.

அவர் கழுத்தைத் திருப்பினார்.

ஹாலில் அவருடைய நாற்காலி. அதில் இரண்டு கால்கள். ஒன்றின்மேல் ஒன்று. மேல்கால் கட்டைவிரலில் செருப்பு தொங்கி, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. மேலே விரித்த பேப்பர். பேப்பரின் இரு ஓரத்திலும் மை ஏறிய நகங்கள். பக்கத்து ஸ்டூலில் இரண்டு காது மிஷின்கள், கழற்றி வைத்தபடி.

கை தன் காதுக்குப் போனது. மிஷின் இருந்தது.

“டேய்” என்று கத்தினார். “டேய், எந்திரிடா. அவ கூப்பிடுறாடா.”

பேப்பர் அசையவில்லை.

தவழ முயன்றார். கால் வரவில்லை. மறுபடி கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். மார்புக்கு அடியில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது, இரண்டு குட்டி, ஒரு நீளம், இரண்டு குட்டி, ஒரு நீளம். ஒவ்வொரு அதிர்வும் முந்தையதைவிடக் கொஞ்சம் பலவீனமாக இருந்தது.

அப்போது அவருக்கு ஒரு சத்தம் கேட்டது. இரண்டு காதிலும், துல்லியமாக. பேப்பரின் பக்கத்தைத் திருப்பும் சத்தம்.