தானாக நகர்ந்த அம்பு

"அத்தை, இதுல என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

மருமகளின் குரல் வந்தபோது அம்மா அடுப்பில் பால் வைத்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. நடுவில் ஒரு பூட்டுப் படம். உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டியாயிற்று, திறக்க வேண்டுமென்றால் பணம் அனுப்பு என்று அதன் கீழே எழுதியிருந்தது.

"என் பிளான் எல்லாம் போச்சு அத்தை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தோட பிளான். நாளைக்குக் கொடுக்கணும்."

மருமகள் கட்டட வரைபடம் போடுகிறவள். கணவன், அதாவது இந்த வீட்டுப் பெரிய பையன், கப்பலில் வேலை பார்க்கிறான்; வருஷத்தில் பாதி நாள் கடலில். அவள் இந்தத் திரைக்கு முன் கண் எரிய உட்கார்ந்து வரைந்ததுதான் அந்த ஆஸ்பத்திரி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போல ஆகிவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணலையேம்மா. தம்பிதான் வந்தான். அவன் கேட்டான், நான் சொன்னேன்..."

"எந்தத் தம்பி?"

"சின்னவன்தான். அம்பு நகர்ந்துச்சே."

மருமகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்பு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சின்னவன் வேலைக்கென்று தூர ஊருக்குப் போனவன், வீட்டுக்கு வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் அங்கிருந்தபடியே இதற்குள் நுழைவான். அப்போது திரையில் மவுஸ் அம்பு தானாக நகரும். அம்மா வேலையைப் போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள். அம்பு மேலே போனால் அவள் முகமும் மேலே போகும். ஓரத்தில் சின்னக் கட்டம் ஒன்று திறக்கும், அதில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். "ம்" என்று பதில் வரும். பிறகு "பாஸ்வேர்ட்?" என்று கேட்பான். மருமகளின் வரைபடங்களுக்கு வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி இருந்தது. அதற்குப் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தவனே அவன்தான். போட்டவனுக்கு அது ஒரு நாளும் நினைவிருந்ததில்லை. அம்மாவுக்கு மறந்ததேயில்லை. ஊரில் பிள்ளைகள் வாசல் வழியாக வருவார்கள். அவள் பிள்ளை அம்பாக வந்தான், அவ்வளவுதான்.

அன்று காலையும் அம்பு நகர்ந்தது. அவள் கேட்டாள்; பதில் வந்தது. பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தாள்.

"திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்திருக்கீங்க அத்தை. இருந்த ஒரு பிரதியும் போச்சு. அவன் எப்படி உள்ள வந்தான்? நீங்க எதை அமுக்கினீங்க?"

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள். வெகுநேரமாகப் பக்கம் புரளவே இல்லை.

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உள்ளவர்களுக்கு டைம்கீப்பர். நேற்றுச் சாயங்காலம் மருமகள் வெளியே போயிருந்தபோது திரை திடீரென்று சங்கு ஊதி அலறியது. வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் பேசவும் என்றது. அவர் பேசினார். மறுமுனையில் ஒருவன் ஐயா, ஐயா என்று மரியாதையாகப் பேசி, இதை அமுக்குங்கள், அதை அமுக்குங்கள் என்றான். அவர் அமுக்கினார். "காலைல சுத்தம் பண்ணித் தர்றாங்களாம். யார்கிட்டயும் சொல்லாதே. நானே சரி பண்ணேன்னு இருக்கட்டும்," என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அந்த ஆளும் காலையில் நகர்ந்த அம்பும் ஒன்றா?  அம்மாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"நான்தாம்மா ஏதோ அமுக்கிட்டேன். தெரியாம..."

"இனிமே அந்த நாற்காலிப் பக்கம் வராதீங்க அத்தை. தயவு செஞ்சு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்து கரிந்துபோயிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே அம்மா அழுதாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அவளுக்குப் புதிதில்லை, அது தாங்கும். நாற்காலி போனால் அம்பு போயிற்று என்பதுதான் தாங்கவில்லை. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று நெஞ்சைக் குடைந்தது. இன்று வந்தது திருடன் என்றால், இதுவரை வந்ததெல்லாம் யார்?

மருமகள் போனில் போட்ட சத்தத்தில் சின்னவன் மறுநாள் மத்தியானமே வாசல் வழியாக வந்து நின்றான். பையைக்கூடக் கீழே வைக்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அம்மா கதவோரமாக நின்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலிப் பக்கம் போகக் கூடாதே.

"அண்ணி, முந்தாநாள் சாயங்காலமே யாரோ இதுல ஒரு புரோகிராமை ஏத்தியிருக்காங்க. அது வழியாத்தான் அவன் வந்திருக்கான். இதை அம்மா பண்ணியிருக்க முடியாது."

"நான்தான்டா பண்ணேன்," என்றாள் அம்மா.

"எப்படி ஏத்தினே? சொல்லு."

"அது வந்து... மேலே ஒண்ணு இருந்துச்சு. அமுக்கினேன். அப்புறம் கீழே ஒண்ணு."

"கீழே என்ன இருந்துச்சு?"

அம்மா முந்தானையைத் திருகினாள். பொய் சொல்லவும் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

செய்தித்தாள் மடிந்தது. டைம்கீப்பர் எழுந்து நின்றார்.

"அவளை விடுடா. நான்தான் போன் பண்ணேன். அவன் சொன்னதையெல்லாம் அமுக்கினது நான். நேத்து முழுக்க அவளைத் திட்டறதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தவனும் நான்தான்."

மருமகளின் முகம் வெளுத்தது. "அத்தை, ஏன் சொல்லலை நீங்க?"

"அவர் கையெழுத்து இல்லாம ஒரு பஸ் கிளம்பாதும்மா. இப்ப இந்த வீட்ல அவரை யாரு எதுக்குக் கேக்கறோம்? இதையும் சொல்லிட்டா அந்த மனுஷனுக்கு என்ன மிஞ்சும்... என்னை முட்டாள்னா எனக்குப் பழக்கம்தானே."

மருமகள் ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டு, சோபாவில் உட்கார வைத்தாள். வரைபடத்தில் பாதி, போன வாரம் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அனுப்பியது, அங்கே பத்திரமாக இருந்தது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. மீதியைத் திரும்ப வரைய அவர்கள் அவகாசமும் தந்திருந்தார்கள். நேற்று பேசிய வார்த்தைகளைத்தான் திரும்ப வாங்க முடியவில்லை. அவள் அதற்கும் சேர்த்து அழுதாள்.

சின்னவனுக்கு மட்டும் கோபம் அடங்கவில்லை. "அப்பா அவனை உள்ள விட்டார், சரி. பாஸ்வேர்டை நீதானேம்மா கொடுத்தே? அந்தப் பக்கம் இருக்கறது உன் பிள்ளையா திருடனானு கூடவா தெரியாது?"

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"சாப்பிட்டியானு கேட்டேன்பா. 'ம்'னு வந்துச்சு. எப்ப வருவேனு கேட்டேன். 'பாக்கலாம்'னு வந்துச்சு. நீயும் அதைத்தானே போடுவே? நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கறது?"

 அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. போன மாசம் எழுத்தையெல்லாம் எனக்காகப் பெருசாக்கினது நீதானே? அதுவும் வேற யாராவதா?"

"நான்தாம்மா... அது நான்தான்." அவன் நாற்காலியை விட்டு இறங்கி அவள் காலடியில் உட்கார்ந்து, அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. "இனிமே போன் பண்ணாம அம்பைத் தொட மாட்டேன். என் குரலைக் கேட்டப்புறம்தான் நீ பாஸ்வேர்ட் சொல்லணும். சும்மாவும் பேசுவேன்."

அம்மா அவன் தலையைத் தடவினாள். முடி கொட்டத் தொடங்கியிருந்தது. திரையில் அதெல்லாம் தெரிவதில்லை.

"சாப்பிட்டியா?"

"ம்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். முகத்தைத் தூக்கினான்.

"இல்லம்மா. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. ரொம்பப் பசிக்குது."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போனாள்.