வெண்சங்குக்கு வந்த மன்னிப்பு

நாடாளுமன்றக் கட்டடத்தில் இப்போது மீன் காட்சிசாலை நடக்கிறது. சட்டமோ போரோ, எதுவானாலும் கைவாக்கி குடிமக்களிடம் நேராகக் கேட்டுவிடும். மணிக்கட்டில் வளையல்போல் கிடக்கும் கருவி அது. லேசாக அதிரும், ஆமாம் என்றோ இல்லை என்றோ விரலால் தட்டினால் போதும். தட்டுகிறவர்கள்தான் அரசு.

அந்த அரசின் மேல்தான் தூத்துக்குடி ஜெசிந்தா வழக்குப் போட்டிருந்தாள். போர்க்காலத்தில் கொழும்புக்குப் போன 'வெண்சங்கு' பயணிக் கப்பலை எதிரியின் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அவள் கணவன் ராயப்பன் அதில் போனவன். நீர்மூழ்கி காத்திருப்பது கடற்படைக்கு முன்பே தெரியும். கப்பலை எச்சரித்தால், எதிரியின் சங்கேதங்களை நாம் படித்துவிட்டது வெளிப்பட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். போர் ரகசியத்துக்காகச் சில எச்சரிக்கைகளை மறைக்கலாமா என்று கப்பல் பெயர் சொல்லாமல் கேட்டபோது, மூடிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது மக்கள் வாக்கு.

அரசே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்கிறீர்களா என்று கைவாக்கி ஊரெல்லாம் கேட்டது. மாலையிலிருந்து, ஆமாம் என்றவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் மன்னிப்பு மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. 'உங்கள் கணவரின் சாவுக்கு நானும் பொறுப்பு. மன்னியுங்கள்.' ஒவ்வொன்றுக்கும் ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி தட்டினாள்.

"ஏ ஜெசி, சோத்தத் தின்னுட்டுத் தட்டு. ஓடியா போவப்போவுது?" என்றாள் பக்கத்து வீட்டுப் புஷ்பம். வழக்குக்கு அலைந்த நாளெல்லாம் ஜெசிந்தாவுக்குச் சோறு பொங்கிப் போட்டவள்.

"இல்லக்கா. இத்தன சனம் மனசெறங்கிக் கேக்குது. எனக்கு இப்பதான் மூச்சே வருது."

கைவாக்கி அதிர்ந்தது. அனுப்பியவர்: புஷ்பம்.

"நீங்களுமாக்கா?" ஜெசிந்தா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். "ஒங்களுக்கு நான்லா கையெடுத்துக் கும்பிடணும்!"

புஷ்பம் ஈரக்கையோடு விழித்தாள். "நான் எங்கட்டி தட்டுனேன்? மீனுல்லா அலசிக்கிட்டிருக்கேன். என்னுது 'பெரும்பான்மையோடு'ன்னு கெடக்கு. எல்லாரும் என்ன சொல்லுதாவளோ அதையே அது சொல்லிக்கிடும். எந்நேரமும் யாரு தட்டிக்கிட்டு இருக்கா?"

"அதனால என்ன? ஒங்க மனசு எனக்குத் தெரியாதா?" ஜெசிந்தா சிரித்தாள். நன்றி நிஜமாகவே பொங்கியது. கைவாக்கி மறுபடியும் அதிர, பெயரைப் பார்க்காமலே நன்றி தட்டினாள். பிறகுதான் படித்தாள்.

'உங்கள் கணவரின் சாவுக்கு நானும் பொறுப்பு. மன்னியுங்கள். — ஜெசிந்தா ராயப்பன், தூத்துக்குடி.'

அவளுடைய கருவியும் கல்யாணமான நாளிலிருந்து பெரும்பான்மையோடுதான் கிடந்தது. வாயை மூடிக்கொள்ளலாமா என்று கடற்படை கேட்ட அன்று, அவள் ராயப்பனின் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். கைவாக்கி அவளைத் தொந்தரவு செய்யாமல் ஆமாம் சொல்லியிருந்தது.